ஹயாத்தும்மாவின் முழங்கால்கள்

ஆஸ்பத்திரியில் எனக்கு ‘தலையணைப் பொலிஸ்’ என்று பட்டம் வைத்திருந்தார்கள். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனால் நான் வாட்டுக்குள் காலெடுத்து வைத்ததும் கட்டில்களில் ஒரு சலசலப்பு எழும். முழங்காலுக்குக் கீழே இருந்த தலையணைகள் உருவப்பட்டுக் கட்டிலுக்கடியில் போகும். ஒன்றிரண்டு, பார்க்க வந்த சொந்தக்காரரின் முதுகுக்குப் பின்னால் ஒளியும். எனக்கு எல்லாம் தெரியும். தெரியாதது போல நடந்துபோய், ஒளித்த ஆளின் முன்னாலேயே நின்று நோயாளியோடு ஊர்க்கதை கதைப்பேன். அந்த ஆள் நெளிவதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோசம்.

முழங்கால் ஒபரேசன் செய்தவருக்குக் காலை மடித்துத் தலையணையில் சாய்த்து வைத்தால் சுகமாகத்தான் இருக்கும். அந்தச் சுகம்தான் பகை. மடிந்தபடி கிடந்து பழகிய முழங்கால் பிறகு நேராகாது. டொக்டர் மணிக்கணக்கில் நின்று நேராக்கிக் கொடுத்ததை, மருமகள் பாசத்தோடு வைத்த ஒரு தலையணை பாழாக்கிவிடும். எங்கள் புத்தளம் பக்கத்தில் நோயாளி பார்க்க வருகிறவர்கள் பாணும் பழமும் கொண்டுவருகிற மாதிரித் தலையணையும் கொண்டுவருவார்கள். அதுவும் பூப்போட்ட உறையோடு.

நான் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்த்துப் பென்சன் எடுத்தவள். ஒபரேசன் முடிந்தவர்களை எழுப்பி, நிற்க வைத்து, நடக்கப் பழக்குவது என் தொழில். என்னோடு வேலை செய்து இப்போது என் இடத்தில் இருக்கும் பர்ஹானா போன மாதம் போன் எடுத்தாள்.

“மிஸ், இப்ப கொம்பியூட்டர் கணக்குப் பார்த்துத்தான் வெட்டுறாங்க. ஒபரேசன் செஞ்ச அண்டைக்கே எழுப்பி நடக்க விடுறாங்க. ஆனா ஆக்கள் கேக்கிறது ஒரே கேள்விதான், இது எவ்வளவு காலம் நிக்கும் எண்டு. நான் புத்தகத்தில இருக்கிறதச் சொல்றன். நம்புறாங்கல்ல. நீங்க கண்டத எழுதித் தாங்களன்.”

பாலாவியிலிருந்து ஒரு பெண் அவளிடம் வந்திருக்கிறாவாம். இரண்டு முழங்காலும் உள்ளுக்கு விழுந்து ஒன்றோடொன்று முட்டுகின்றன, பாதங்கள் இரண்டும் வெளியே விலகிப் போகின்றன. அந்த மாதிரிக் காலை நான் முட்டுக்கால் என்றே எழுதுகிறேன். அந்தப் பெண் ஒபரேசனுக்குப் பயந்து மூன்று தரம் நாள் மாற்றிவிட்டாவாம். சரி, அவவுக்காகவும் எழுதுகிறேன்.

என் படிப்புக் கதை நீளமில்லை. மன்னாரில் பிறந்தேன், கொழும்பில் படித்தேன், ஊர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து உம்மாவுக்கு முதல் சேலை வாங்கிக் கொடுத்த கொஞ்சக் காலத்தில் தொண்ணூறாம் ஆண்டு வந்தது. வடக்கு முஸ்லிம்களை ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள். எல்லோரோடும் படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினோம். ஓலைக் கொட்டிலில் இருந்த நாட்களைப் பற்றி மற்றவர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். கையில் தொழில் இருந்தபடியால் நான் கெதியாகத் திரும்ப வேலைக்குப் போனேன். இடம் மாறி மாறிக் கடைசியில், எல்லோரும் ‘சேர்’ என்று கூப்பிடுகிற ஒரு டொக்டரிடம் வந்து சேர்ந்தேன். அங்கேதான் நான் உண்மையில் படித்தேன்.

சேர் எலும்பு டொக்டர். சிங்களவர், சிலாபத்துக் கடற்கரையில் வளர்ந்தவர். தமிழ் அவருக்கு மீன் சந்தையில் வந்தது. அதனால் நோயாளியோடு பேசினாலும் பாரை மீனுக்கு விலை கேட்கிற மாதிரியே இருக்கும். ஆள் கட்டை. எந்நேரமும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார். கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார், சிங்களத்துக்கு மாறிவிடுவார். அப்போது நாங்கள் எல்லோரும் ஆளுக்கொரு வேலையைக் கண்டுபிடித்துக்கொள்வோம்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. புதிதாக ஒரு நோயாளி வந்தால் எக்ஸ்ரேயை உறையிலிருந்து எடுக்கவே மாட்டார். “உம்மா, நடங்க. அந்தக் கதவு மட்டும். மெதுவா, பஸ் போகாது” என்பார். நோயாளி நடக்க, இவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பின்னாலேயே போவார். முன்னால் நின்று பார்க்கமாட்டார். முன்னால் நின்றால் மனிசர் வெட்கத்தில் காலை நேராக வைக்கப் பார்ப்பார்கள், பின்னால் நின்றால் உள்ளபடி நடப்பார்கள் என்பது அவர் கணக்கு. “எக்ஸ்ரே நிக்கிற காலக் காட்டும், நடக்கிற காலை நாங்கதான் பார்க்கணும்” என்று என்னிடம் சொன்னார். அவர் சொன்ன பிறகு நானும் ஆட்களைப் பின்னாலிருந்து பார்க்கப் பழகிவிட்டேன். இப்போதும் கல்யாண வீட்டில் என்னால் ஒரு ஆளை முகத்தை வைத்து அடையாளம் பிடிக்க முடியாது.

இன்னொரு பழக்கமும் இருந்தது. வருசத்துக்கு ஒருமுறை, தன்னுடைய லீவில், பழைய முழங்கால்களைப் பார்க்க இந்தக் கரையோரமாக வருவார். என்னையும் கூட்டிக்கொண்டு போவார். வீடு வீடாகப் போய், ஆளை நடக்க விட்டு, பின்னால் நின்று பார்த்து, ஒரு பிளேன்ரீயைக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார். யாரும் அவரை அனுப்பவில்லை, யாரும் அவருக்கு அதற்காக எதுவும் கொடுக்கவில்லை. “ஒபரேசன் முடிஞ்ச அண்டு எல்லா முழங்காலும் வடிவுதான் மிஸ். பத்து வருசம் போகட்டும், அப்பத்தான் நான் வெட்டினது சரியா பிழையா எண்டு தெரியும்” என்பார். இப்படிச் சொன்ன வேறொரு டொக்டரை நான் கண்டதில்லை. நான் அவரை மதித்தேன் என்று எழுதினால் அது குறைவு. எனக்கு அவரைப் பற்றிப் பெருமையாக இருந்தது, கூடப்பிறந்த நானாவைப் பற்றிப் பெருமைப்படுகிற மாதிரி.

ஹயாத்தும்மா ராத்தா சேரிடம் வந்தது போர் முடிந்து கொஞ்சக் காலத்தில். எங்கள் பேச்சில் அக்காவை ராத்தா என்போம். குறிஞ்சிப்பிட்டிப் பெண். புருசன் மௌத்தாகி, மிளகாயும் வெங்காயமும் போடுகிற ஒரு துண்டுத் தோட்டத்தோடு இருந்தார். இரண்டு முழங்காலும் நடக்கும்போது சேலைக்குள் உரசுகிற சத்தம் கேட்கும். வலது கால் மோசம். பின்னாலிருந்து பார்த்தால் இடுப்பு ஒரு திசையில், பாதம் இன்னொரு திசையில் போகும். எங்கள் பக்கத்தில் வயதானவர்களுக்கு வில்லுக்கால்தான் அதிகம். முட்டுக்கால் குறைவு. ஆனால் வந்தால் பொல்லாதது.

கதவு வரை நடந்து திரும்பியதும் சேர் கேட்டார். “உம்மாவுக்கு இந்தக் கால் என்னத்துக்கு வேணும்?”

இதுவும் அவர் எல்லோரிடமும் கேட்கிற கேள்வி. கடைக்குப் போக, பள்ளிக்குப் போக, பேரப்பிள்ளை தூக்க என்று ஆட்கள் சொல்வார்கள்.

“மையித்துக் குளிப்பாட்ட” என்றார் ராத்தா.

சேருக்கு விளங்கவில்லை. என்னைப் பார்த்தார். எங்கள் ஆட்களில் ஒரு பெண் மௌத்தானால் பெண்கள்தான் அந்த உடலைக் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றுவார்கள் என்று நான் விளங்கப்படுத்தினேன். எல்லோருக்கும் அது வராது. ஊருக்கு ஒன்றிரண்டு பேர்தான் முறை தெரிந்து, மனத் துணிவோடு செய்வார்கள். குறிஞ்சிப்பிட்டியில் அது ராத்தா. கூலிக்குச் செய்கிற வேலை இல்லை. அழைத்தால் போவார், குளிப்பாட்டுவார், கண்டதை வெளியே கதைக்கமாட்டார்.

“போன மாசம் ஒரு மையித்து,” என்றார் ராத்தா. சேரை அவர் சிங்களத்தில் ‘மாத்தயா’, ஐயா, என்றே கூப்பிடுவார். “பக்கத்துக்குத் திருப்பக்குள்ள இந்தக் கால் உள்ளுக்கு மடங்கிட்டு மாத்தயா. நான் அந்தப் புள்ளைட நெஞ்சில விழுந்துட்டன். மையித்துக்கும் நோகும். உசிரோட இருந்தா அவ என்னத் தள்ளி விட்டிருப்பா. அண்டையில இருந்து ஆரும் கூப்பிட்டா எனக்கு நெஞ்சு அடிக்கிது. ஏலாது எண்டு சொல்லவும் ஏலா. சொன்னா ஆரு குளிப்பாட்டுற?”

சேர் அவரைக் கதிரையில் இருக்கச் சொன்னார். பிறகு எக்ஸ்ரேயை எடுத்தார். வலது காலை முதலில் செய்வது, அது சரிவந்தால் இடது காலைப் பிறகு செய்வது என்று முடிவானது. ஒபரேசனுக்குப் பிறகு மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைத்து சுஜூது செய்வது கஷ்டம், கதிரையில் இருந்துதான் தொழ வேண்டிவரும் என்பதையும் சேர் அன்றே சொல்லிவிட்டார். ராத்தா அதற்கு மட்டும் கொஞ்சம் அழுதார்.

அந்த ஒபரேசனைப் பார்க்க சேர் என்னைத் தியேட்டருக்குள் கூப்பிட்டார். “நீங்க பழக்கப்போற காலை நீங்க பாருங்க” என்றார். மூலையில் நின்று பார்த்தேன். தேய்ந்த எலும்பின் முனைகளைச் சீவி, உலோகத்தைப் பொருத்தி, நடுவில் பிளாஸ்டிக் வைப்பது பாதி வேலைதான். முட்டுக்காலில் மீதிப் பாதிதான் கஷ்டம். வருசக்கணக்காக உள்ளுக்கு விழுந்த காலில் வெளிப்பக்கத் தசைநார்கள் சுருங்கி இறுகியிருக்கும், உள்பக்கத்தவை இழுபட்டுத் தளர்ந்திருக்கும். கொட்டிலில் இருந்தவளுக்கு அது உடனே விளங்கியது. ஒரு பக்கக் கயிறு இறுகினால் கம்பு சாயும். கம்பை மட்டும் மாற்றிப் பிரயோசனமில்லை.

சேர் அந்த இறுகிய நாரை ஒரேயடியாக வெட்டவில்லை. கத்தி நுனியால் சின்னச் சின்னதாகக் குத்தினார். குத்திவிட்டுக் காலை இழுத்துப் பார்த்தார். உள்பக்கமும் வெளிப்பக்கமும் இடைவெளி ஒன்றா என்று பார்த்தார். இல்லை. இன்னும் ஒரு குத்து. திரும்ப இழுத்தார். அவர் விரல் மட்டும் அந்த நாரைத் தடவித் தடவிப் பார்த்தது. கோணலாக இருந்த கால் என் கண் முன்னால் நேராக வந்தபோது எனக்கு மாஷா அல்லாஹ் என்று வாய்விட்டு வந்துவிட்டது. சேர் தலை நிமிராமல், “இப்பவே சொல்லாதீங்க மிஸ்” என்றார்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது பின்னேரம் விளங்கியது.

முதுகில் ஊசி போட்டு விறைக்க வைத்துச் செய்கிற ஒபரேசன் அது. விறைப்பு இறங்கும் நேரத்தில் நான் போய்ப் பாதத்தைத் தூக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். என் வசனம் எப்போதும் ஒன்றுதான். “ராத்தா, பெருவிரல மூக்குக்கு நேர கொண்டு வாங்க.”

இடது பாதம் எழும்பியது. வலது பாதம் எழும்பவில்லை.

கொஞ்சம் பொறுத்துத் திரும்பக் கேட்டேன். இடது கால் ஆடி அசைந்து நன்றாக வந்துவிட்டது. வலது பாதம் ஈரத் துணி மாதிரித் தொங்கியது. ராத்தா என் முகத்தைப் பார்த்தார். “தூக்கிட்டன்தானே மிஸ்?” என்றார். நான் பாதத்தின் மேல்புறத்தைத் தொட்டேன். தொட்டது அவருக்குத் தெரியவில்லை.

முழங்காலின் வெளிப்பக்கமாக ஒரு நரம்பு போகிறது. பாதத்தைத் தூக்குவது அதன் வேலை. வருசக்கணக்காகக் கோணிய காலை ஒரு காலையில் நேராக்கும்போது அந்த நரம்பு இழுபட்டுப் போகலாம். முட்டுக்காலை நேராக்கும் எல்லோருக்கும் தெரிந்த பயம் அது. அன்றுவரை எங்கள் வாட்டில் நடக்கவில்லை.

சேர் சாப்பாட்டை விட்டுவிட்டு வந்தார். காலில் சுற்றியிருந்த பண்டேஜை மேலிருந்து கீழ் வரை கத்தரியால் வெட்டித் திறந்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். “மிஸ், தலையணை ஒண்டு தாங்க.”

நான் அசையாமல் நின்றேன். “சேர், முழங்காலுக்குக் கீழயா?”

“ஓம். மடிச்சு வைப்பம். நரம்பு கொஞ்சம் தளரட்டும்.”

பக்கத்துக் கட்டில்காரியின் முதுகுக்குப் பின்னால் ஒன்று இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதை வாங்கி என் கையாலேயே ராத்தாவின் முழங்காலுக்குக் கீழே வைத்தேன். முழு வாட்டும் என்னையே பார்த்தது. வேறு நாளென்றால் நானே சிரித்திருப்பேன்.

அதற்குப் பிறகு சேர் செய்ததைத்தான் நான் இந்த வயதிலும் மறக்கவில்லை. அந்தக் காலத்துப் பெரிய டொக்டர்மார் இப்படியான நேரத்தில் “பார்ப்போம், சரியாகும்” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவார்கள். சேர் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு ராத்தாவின் தலைமாட்டில் உட்கார்ந்தார்.

“உம்மா, உங்கட கால் நேரா வந்திருக்கு. ஆனா நான் நேராக்கக்குள்ள ஒரு நரம்ப இழுத்துட்டன். அதான் பாதம் தூக்குதில்ல. வெட்டுப்படல்ல எண்டு நினைக்கிறன். கன ஆக்களுக்குத் திரும்ப வரும். மாசக்கணக்கு எடுக்கும். வராமலும் போகலாம். பொய் சொல்லமாட்டன்.”

ராத்தா கூரையைப் பார்த்தபடி கிடந்தார். அழுவார் என்று நினைத்தேன்.

“வராட்டி மையித்துக் குளிப்பாட்ட ஏலுமா?” என்று கேட்டார்.

“பிளாஸ்டிக் தாங்கி ஒண்டு போட்டா நிக்கலாம். ஆனா ஈரத் தரையில வழுக்கும்” என்றார் சேர்.

“அப்ப வரத்தான் வேணும்” என்றார் ராத்தா.

சோர்ந்த நரம்புக்கு ஒரே வேலைதான் கொடுக்க முடியும். பாதம் தூக்கினாலும் தூக்காவிட்டாலும் தூக்கப் பார்க்க வேண்டும், ஒரு நாளில் பல தரம், சலிக்காமல். நோயாளிகள் இங்கேதான் தோற்பார்கள். அசையாத ஒன்றை அசை அசை என்று சொல்லிக்கொண்டிருக்க எத்தனை நாளைக்கு ஏலும்? முதல் வாரம் செய்வார்கள். பிறகு நான் வருகிற சத்தம் கேட்டால் மட்டும் செய்வார்கள்.

வீட்டுக்குப் போகும் நாளில் நான் நீட்டி முழக்கிச் சொல்லிக்கொண்டிருக்க, ராத்தா குறுக்கே கேட்டார். “மிஸ், தொழுதுட்டுத் தஸ்பீஹ் ஓதக்குள்ள செய்தாச் சரிவராதா?”

ஐந்து நேரத் தொழுகை முடிந்ததும் விரல் கணுக்களில் எண்ணி அல்லாஹ்வைத் துதிப்பது எங்கள் வழக்கம். தொழுகைக்குள் தேவையில்லாமல் காலை அசைக்கக்கூடாது, ஆனால் இது தொழுது முடிந்த பிறகு. கதிரையில் இருந்தபடி ஒவ்வொரு சுப்ஹானல்லாஹ்வுக்கும் பாதத்தை ஒருமுறை தூக்கப் பார்க்கலாம். விடுபடாது, மறக்காது, எண்ணிக்கையும் பிழைக்காது. நான் சேரிடம் சொன்னேன். அவர் கதிரையில் சாய்ந்து கொஞ்ச நேரம் சிரித்தார். அதன் பிறகு எங்களுடைய முஸ்லிம் நோயாளிகள் எல்லோருக்கும் “தஸ்பீஹோட செய்யுங்க” என்றே சொன்னார். சிலாபத்துக் கத்தோலிக்க அம்மாமார் வந்தால் செபமாலையோடு செய்யச் சொன்னார். ஒரு பிக்கு வந்தபோது என்ன சொல்வதென்று இரண்டு பேரும் யோசித்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

மாதங்கள் போயின. ராத்தா தாங்கியோடு கிளினிக்குக்கு வருவார். ஊரில், தோட்டத்து மணலில், தாங்கி இல்லாமல் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்ப்பாராம். நான் ஏசினேன். “எங்கட ஊரு மணல் மிஸ், விழுந்தாலும் நோகாது” என்றார்.

“மணல்ல நடந்துட்டுத் திரும்பிப் பார்ப்பன். இடது காலுக்கு அடி மட்டும் இருக்கும். வலது காலுக்கு அடியும் இருக்கும், அடிக்கு முன்னால ஒரு கோடும் இருக்கும். விரல் இழுபடுற கோடு. பாம்பு போன மாதிரி” என்றார் ராத்தா.

சேர் இதைக் கேட்டுக் கண்ணைச் சுருக்கினார். “உம்மா, அந்தக் கோட்டப் பார்த்துட்டே இருங்க. அது எனக்கு இந்த எக்ஸ்ரேய விடத் தேவை” என்றார்.

ஊரில் அப்போது இரண்டு மௌத்து நடந்தது. இரண்டுக்கும் கற்பிட்டியிலிருந்து ஆள் கூட்டிவந்தார்கள். ராத்தா கதிரையில் இருந்தபடி தண்ணீர் எப்படி ஊற்றுவதென்று சொல்லிக் கொடுத்தாராம். அதைச் சொன்னபோதுதான் முதல்முறையாக என்னிடம் மனம் விட்டு அழுதார். “நான் இருந்து பார்த்துட்டிருந்தன் மிஸ். பார்த்துட்டிருந்தன்” என்றார். கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பெருநாளுக்குப் பிறகு ஒருநாள், நான் பஸ்ஸில் இருக்கும்போது போன் வந்தது. ராத்தா கத்தினார்.

“மிஸ், கோடு அறுந்திட்டு!”

“என்ன?”

“கிணத்தடிக்குப் போற வழியில. முதல் கோடு இருக்கு, பிறகு இல்ல, பிறகு இருக்கு, பிறகு கொஞ்சத் தூரத்துக்கு ஒண்டுமே இல்ல. வெறும் அடி!”

பஸ் முழுக்கக் கேட்டிருக்கும். நான் அழுதுகொண்டே சேருக்குப் போன் எடுத்தேன். அவர் தியேட்டருக்குப் போகிற வழியில் நின்றிருக்கிறார். விசயத்தைத் திரும்பச் சொல்லச் சொன்னார். பிறகு சிங்களத்துக்கு மாறினார். கோபத்துக்கு மட்டும் இல்லை, சந்தோசத்துக்கும் அவருக்குச் சிங்களம்தான் வரும் என்று அன்று அறிந்தேன்.

பாதம் முழுதாக வர இன்னும் பல மாதம் எடுத்தது. வந்தது. அடுத்த கேள்வி இடது கால். அது இப்போது இன்னும் மோசமாக முட்டியது. வேறொருவர் என்றால் இந்த ஆஸ்பத்திரிப் பக்கமே வந்திருக்கமாட்டார். ராத்தா வந்து, “மத்தக் காலையும் செய்யுங்க” என்றார். பின்வாங்கியது சேர்.

“உம்மா, கொழும்பில என்னை விடக் கெட்டிக்காரர் இருக்காங்க. நான் கடிதம் தாறன்.”

“அவங்க இந்த நரம்பு இழுபட்டதக் கண்டாங்களா?”

“இல்ல.”

“அப்ப அவங்களுக்கு என்ன தெரியும்? சூடு கண்ட பூனைதான் மாத்தயா அடுப்பங்கரைல கவனமாப் போகும். நீங்கதான் செய்யணும்.”

சேர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். கடைசியில் சம்மதித்தார். அந்த ஒபரேசன் முந்தியதை விட நேரம் எடுத்தது. ஒவ்வொரு குத்துக்கும் இடையில் பொறுத்தார். முடிந்ததும் முதலிலிருந்தே முழங்காலை மடித்து வைத்தார். தலையணை நான்தான் கொண்டுபோனேன், பூப்போட்ட உறையோடு. விறைப்பு இறங்கும்வரை சேர் வாட்டு வாசலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். நேர்ஸ்மார் தேத்தண்ணீர் கொடுத்தார்கள், அது ஆறிப் போய் ஜன்னல் விளிம்பில் இருந்தது. நான் கேட்கும் முன்னரே ராத்தா பிஸ்மில்லாஹ் சொல்லி இரண்டு பெருவிரலையும் மூக்குக்கு நேரே கொண்டுவந்தார். சேர் வந்து பார்த்துவிட்டு, அந்த ஆறின தேத்தண்ணீரை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார்.

இனிப் பர்ஹானா கேட்டதற்கு வருகிறேன். எல்லாம் நன்றாக நின்றது என்று எழுதினால் பொய். உச்சமுனையில் ஒரு மீனவர், வயது குறைவாக இருக்கும்போதே செய்தவர், படகு தள்ளாதே என்று சொல்லச் சொல்லத் தள்ளினார். சில வருசத்தில் பிளாஸ்டிக் தேய்ந்து திரும்ப ஒபரேசன் செய்ய வேண்டிவந்தது. இன்னொரு டீச்சருக்குக் கால் நேராக இருக்கிறது, எக்ஸ்ரே அழகாக இருக்கிறது, நோவு மட்டும் போகவில்லை. ஏனென்று சேருக்கும் தெரியவில்லை, தெரியாது என்று அவரிடமே சொன்னார். ஆனால் அந்தக் கரையோரப் பயணங்களில் நாங்கள் கண்ட பெரும்பாலான முழங்கால்கள் வருசத்துக்கு வருசம் அதே கோட்டில் நின்றன. நன்றாக நேராக்கப்பட்டு, இரண்டு பக்கமும் சமமாக இறுக்கப்பட்ட கால் திரும்ப உள்ளுக்கு விழவில்லை. ராத்தாவின் இரண்டும் விழவில்லை.

சேர் எனக்கு முந்தியே பென்சன் எடுத்தார். கரையோரப் பயணத்தை மட்டும் விடவில்லை. போன வருசம் வந்தபோது கையில் ஊன்றுகோல் இருந்தது. குறிஞ்சிப்பிட்டியில் ராத்தாவின் வளவுக்குப் போனோம். வயது எழுபதைத் தொடுகிறது. தோட்டத்தை மகனிடம் கொடுத்துவிட்டார். தொழுகை இன்னும் கதிரையில்தான். ஆனால் மையித்து இன்னும் குளிப்பாட்டுகிறார்.

“கிணத்தடி மட்டும் நடங்க உம்மா” என்றார் சேர். ராத்தா வெறுங்காலோடு மணலில் நடந்தார். சேர் பின்னால் நின்று பார்த்தார். அடிகள் இரண்டு வரிசையாக, நேராக, கோடு இல்லாமல் கிடந்தன. சேர் அந்த அடிகளை நெடுநேரம் பார்த்தார்.

ராத்தா திரும்பி வந்து, “இப்ப நீங்க நடங்க மாத்தயா” என்றார்.

“நானா?”

“ஓம். அந்த மாமரம் மட்டும். மெதுவா, பஸ் போகாது.”

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். சேர் ஊன்றுகோலோடு நடந்தார். ராத்தா இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு பின்னாலேயே போனார். பிறகு என்னிடம் வந்து, “வில்லுக்கால். ரெண்டும் போயிட்டு. என்னத்துக்கு இன்னும் செய்யாம வெச்சிருக்காரு?” என்று கேட்டார். அவருக்குக் கேட்கும்படியாகத்தான் கேட்டார்.

சேர் மாமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். “பயம் உம்மா” என்றார். “எத்தனையோ பேருக்கு வெட்டினன். ஆனா கண்ண மூடினா உங்கட அந்தப் பாதம் தொங்கிட்டுக் கிடந்ததுதான் தெரியுது. எனக்கு அப்பிடி ஆகிட்டா எண்டு பயம்.”

இத்தனை வருசத்தில் அவர் வாயில் அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. ராத்தா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“பயப்படாதீங்க மாத்தயா. நான் ஆம்பிளைகளக் குளிப்பாட்டுறல்ல.”

சேர் மாமரத்தில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

மழை தொடங்குவதற்கு முன் கொழும்பில் அவருக்கு ஒபரேசன் நடந்தது. நானும் ராத்தாவும் பஸ்ஸேறிப் பார்க்கப் போனோம். நான் அறைக்குள் காலெடுத்து வைத்ததும் கட்டிலில் ஒரு சலசலப்பு எழுந்தது. சேர் முழங்காலுக்குக் கீழிருந்து எதையோ உருவி அவசரமாக முதுகுக்குப் பின்னால் வைத்தார்.

நான் தெரியாதது போல நின்றேன். ராத்தா கட்டிலின் கால்மாட்டுக்குப் போய், சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நின்றார்.

“பெருவிரல மூக்குக்கு நேர கொண்டு வாங்க மாத்தயா.”

சேர் கண்களை மூடிக்கொண்டார். இரண்டு பாதமும் மெதுவாக எழும்பின.

“அல்ஹம்துலில்லாஹ்” என்ற ராத்தா, வலது கையை விரித்து, விரலின் முதல் கணுவில் பெருவிரலை வைத்தார்.

“கண்ணத் திறங்க. இது ஒண்டு. இனி நான் எண்ணுறன், நீங்க தூக்குங்க.”